கொப்புளம் ஆறும் வரை

பிள்ளையோடு வீடு வந்ததும் நான் போட்ட முதல் சட்டம்: உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் வாசலோடு சரி. ஆஸ்பத்திரி லேபில், அந்தக் கொப்புளத்தைக் கொண்டுவரும் ஹெர்பிஸ் கிருமியோடு மாரடிக்கிறவள் நான். பெரியவர்களுக்கு அது வெறும் எரிச்சல். பச்சைக் குழந்தைக்கு ஒரே முத்தத்தில் தொற்றி மூளைவரை போய்விடலாம். வந்தவர்கள் உதட்டையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். முதலில் மாட்டியது என் நாத்தனார்.

"சூட்டுக் கொப்புளம்மா. சின்ன வயசுலேர்ந்து வருது."

"அதேதான் அண்ணி. ஆறினதும் வாங்க."

கொண்டுவந்த குட்டிச் சட்டைகளை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

அதைவிட என்னை அரித்தது வேறொன்று. என் வீட்டுக்காரர் பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுக்கவில்லை. தச்சுப்பட்டறையிலிருந்து வருவார், குளிப்பார், மரத்தூள் தும்மல் என்று மாஸ்க்கை மாட்டிக்கொள்வார், தொட்டிலுக்குத் தள்ளி நின்று பார்ப்பார். தவமிருந்து பெற்ற பிள்ளை! ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெத்த புள்ளைய யாராவது பக்கத்து வீட்டுப் புள்ள மாதிரி பாப்பாங்களா? பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லுங்க!"

அவர் மாஸ்க்கை இறக்கினார். மீசைக்குக் கீழே வரிசையாகக் கொப்புளங்கள்.

"சொன்னா என்னையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிருவே. அந்தக் கன்னத்தப் பாத்துட்டு சும்மா நிக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

ஊரார் வாயையெல்லாம் சோதித்தவள், கூடவே இருக்கும் ஆளைக் கோட்டை விட்டிருக்கிறேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இது எப்ப போகும்?" என்றார்.

"போகாது. நரம்புக்குள்ள போய்ப் படுத்துத் தூங்கும். ஒடம்பு அசந்தா எழுந்து இதே எடத்துக்கு வரும். காலி பண்ணாத குடித்தனம். மொதல்ல புண்ணு நல்லா ஆறட்டும்."

அவரை எங்கும் அனுப்பவில்லை. மாஸ்க்கும் சோப்புமாக வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். நாத்தனாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "ஒம் புருஷனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாளே மாஸ்க்கோடு வந்து நின்றார்.

வீட்டுக்காரரின் உதட்டில் பொருக்கு உதிர்ந்து, தோல் பழையபடி ஆன பிறகுதான் தலையசைத்தேன். அவர் குனிந்து கன்னத்தில் முத்தமிட்டார். மீசை குத்தி, பிள்ளை வீலென்று கத்தினான். தூக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"இரு, அழுதா அழட்டும். இன்னும் ஒண்ணே ஒண்ணு."