மச்சானை அழைக்கப் பறந்து போனவர்

ரஞ்சிதத்தின் தம்பி கோபிநாத் பெங்களூரிலிருந்து ஊருக்குக் கிளம்பினால், யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிற கதைதான். முதலில் டிக்கெட்டின் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வரும். அடுத்து, ஜன்னல் ஓரம் கிடைத்த சேதி வரும். முன்பெல்லாம் ராத்திரி பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து வந்த பிள்ளைதான். புதுச்சேரி இலாசுப்பேட்டையில் விமானம் இறங்க ஆரம்பித்ததிலிருந்து அவன் கால் தரையில் பாவுவதில்லை.

அக்காள் புருஷன் தெய்வசிகாமணிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. காலாப்பட்டுக் கடலில் ஃபைபர் படகு ஓட்டுகிற மனிதர். விமானத்தின் அடிவயிற்றை மட்டும் பார்த்திருக்கிறார். போன தடவை மச்சானை அழைக்கப் போகச் சொன்னபோது வலை கிழிந்துவிட்டது என்றார். அதற்கு முந்தின தடவை வயிற்று வலி. அந்த வயிற்றின் யோக்கியதை ரஞ்சிதத்துக்குத் தெரியும்.

“தோ பாரு,” என்றாள் இந்தத் தடவை. “எந்தம்பி வந்து எறங்கும்போது நீ ஏர்போர்ட்டுல நிக்கணும். அவனை நீ மதிச்சாதான் எம்பொறந்த வூட்டுல என்னை மதிப்பாங்க. நாளைக்கும் நீ வரல, அவன் திரும்பிப் போற பிளேன்லயே நானும் ஏறிடுவேன்.”

சொன்னால் செய்கிறவள். தட்டாஞ்சாவடியில் பிஸ்கட் கம்பெனி வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு நேரே விமான நிலையம் போய்விடுவாள். தெய்வசிகாமணி மத்தியானத்துக்குள் பைக்கில் வந்து சேர வேண்டும். இவ்வளவுதான் வேலை.

அவருக்குத்தான் விடிகாலையில் ஒரு ரோஷம் வந்தது. மச்சானுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட வேண்டும். அதைக் கடையில் வாங்குவதா? கடலில் இறங்குகிறவன் கடையில் மீன் வாங்கினால் மானம் கப்பலேறிவிடாதா? காற்று பலமாக இருக்கும், யாரும் போகாதீர்கள் என்று கோயில் மைக்கில் சொல்லியிருந்தார்கள். பங்காளி கலைச்செல்வனும் கையைப் பிடித்துத் தடுத்தான். “ஒரே ஒரு மீனு. போனேன் வந்தேன்னு வந்துடுவேன்டா,” என்று தனியாகப் படகைத் தள்ளிவிட்டார்.

வஞ்சிரம் என்னவோ தூண்டிலில் மாட்டியது. ஒரு சாண் நீளம் வேண்டினார், ஒரு கை நீளத்துக்கே கிடைத்தது. அதைத் தூக்கிப் படகில் போட்ட கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. காற்று படகைப் பக்கவாட்டில் திருப்ப, தண்ணீர் ஏறத் தொடங்கியது. கலைச்செல்வனுக்குப் போன் போட்டார்.

“படகு முழுவுதுடா. கோஸ்ட் கார்டுக்குச் சொல்லு. ரஞ்சிதத்துக்கு மட்டும் சொல்லிடாத!”

அத்தோடு போனும் முழுகியது. வஞ்சிரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, கவிழ்ந்த படகின் முதுகைப் பற்றி மிதந்தவருக்கு, சாகப்போகிறோம் என்பதைவிட, செத்தால் மச்சானை அழைக்காமல் இருக்கத்தான் செத்தான் என்று அவள் நினைப்பாளே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

ஹெலிகாப்டர் வந்தது. கயிற்றில் இறங்கி வந்த வடநாட்டு வீரர் அவரை வாரில் மாட்டினார். இடுப்பில் கட்டியிருந்த மீனைக் காட்டி, அதை விடு என்று கையை ஆட்டினார். தெய்வசிகாமணி தலையை ஆட்டினார். அந்தக் காற்றில், நடுக்கடலில், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் மேலே வீரர், நடுவில் மாமன், கீழே தொங்கிக்கொண்டு வஞ்சிரம் என்று மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

இறங்கிய இடம் அதே இலாசுப்பேட்டை. ஓடுதளம் ஒன்றுதான். ஒரு ஓரம் பயணிகள் கட்டடம், இன்னொரு ஓரம் கடலோரக் காவல் படை. டாக்டர் பார்த்து, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். மேனகா என்ற தமிழ் அதிகாரி ஆரஞ்சு நிறப் போர்வையைப் போர்த்திவிட்டார்.

“மேடம், பெங்களூர் பிளேன் வந்துடுச்சா?”

“மேலே சுத்திட்டு இருக்கு. உங்களை இறக்கறதுக்காகக் காக்க வச்சாங்க, இனிமேதான் இறங்கும்.”

தெய்வசிகாமணி அண்ணாந்து பார்த்தார். மேகத்துக்குள் மச்சான் சுற்றிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் அப்படியொரு திருப்தி அவருக்கு வந்ததில்லை. அடுத்த நிமிஷமே போர்வையோடு எழுந்துவிட்டார். அந்தப் பக்கம் பயணிகள் வாசலில் ரஞ்சிதம் நிற்கிறாள். இந்தப் பக்கத்து கேட் வழியாக வெளியே போய் ரோடு சுற்றி வருவதற்குள் குடித்தனம் முறிந்துவிடும்.

கதையை முழுக்கக் கேட்ட மேனகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு போன் பேசி, ஜீப்பில் ஏற்றிப் பயணிகள் கட்டடத்துக்கே கொண்டுபோய் விட்டார். அங்கே காவலர் மீனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது என்ன?”

“வஞ்சிரங்க.”

“உள்ளே என்ன இருக்கு?”

“அறுத்தாதான் தெரியும். செனை இருக்கலாம்.”

அதற்குள் விமானம் இறங்கி, பயணிகள் உள்ளே வரத் தொடங்கினார்கள். முன்னால் வந்த கோபிநாத் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

“மாமா! உள்ளவே வந்துட்டீங்களா? எங்க எம்.டி. வந்தாகூட வெளியதான் நிக்கணும்!”

“நம்ம பசங்கதான், தெரிஞ்சவங்க,” என்றார் தெய்வசிகாமணி, போர்வையைச் சரிசெய்துகொண்டு.

“அரை மணி நேரம் மேலயே சுத்த வுட்டுட்டான் மாமா. யாரோ பெரிய வி.ஐ.பி.யாம், அந்தாளு ஹெலிகாப்டர்ல வந்தானாம்.”

“யாரா இருந்தா நமக்கு இன்னா? நீ நல்லபடியா எறங்கினியே.”

வெளியே ரஞ்சிதம் அணைந்துபோன போனுக்கு அடித்து அடித்து, எந்தெந்தப் புடவையை எடுத்துப் போவது என்று யோசிக்கிறவரை வந்திருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து தன் புருஷனே வருவதைப் பார்த்ததும் அவள் முகம் பூவாய் மலர்ந்துவிட்டது. மாலையோடு ஓடி வந்தாள். கோபிநாத் குனிந்து கழுத்தை நீட்டினான்.

மாலை பாதி வழியில் நின்றது. அவள் கண் போர்வையில், ஈர லுங்கியில், தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன அந்த விரல்களில், கடைசியாக மீனில் போய் நின்றது.

“இந்தக் காத்துல கடலுக்குப் போனியா?”

“படகு பத்திரம். விசைப்படகுக்காரங்க இழுத்தாந்துட்டு இருக்காங்கன்னு கோஸ்ட் கார்டுல சொன்னாங்க...”

“போனியாய்யா?”

“மச்சானுக்குத்தான்...”

அந்த மாலையாலேயே அவரை அடித்தாள். ரோஜா இதழ் நாலாபக்கமும் பறந்தது. வந்தவர் போனவரெல்லாம் நின்று பார்க்க, அழுதுகொண்டே அடித்தாள். “நீ வரலைன்னா எந்தம்பி கூடப் போவேன்னு சொன்னேன். நீ வராமலே போயிருந்தா நான் எங்கய்யா போவேன்?”

கோபிநாத்துக்கு அப்போதுதான் விளங்கியது. நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். “மாமா... அந்த வி.ஐ.பி....”

ரஞ்சிதம் மூக்கைத் துடைத்தாள். நாரும் நாலு பூவுமாக மிஞ்சியிருந்ததைப் புருஷன் கழுத்திலேயே போட்டாள்.

“இனிமே யார் வந்தாலும் மீனு கடையிலேயே வாங்கு.”

காலையில் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். இப்போது கழுத்து நாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “சரி,” என்றார்.