அந்தச் சுண்டுவிரல் யாருடையது

இயக்குநரின் காதல் படத்துக்கு முப்பது வயது ஆனதைக் கொண்டாட, திரைப்படக் கல்லூரி ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கியது. உள்ளே வைக்கத்தான் படத்தில் வந்த கையுறை இல்லை. அது, அதைத் தைத்த தையல்காரம்மாவின் பீரோவில், பழைய தலையணை உறைக்குள் இருந்தது. ஆகவே அழைப்பிதழில் நன்றியுரைக்கும் தேநீருக்கும் நடுவே 'கையுறை ஒப்படைப்பு' என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஒப்படைப்பவர் பெயர் போட இடம் போதவில்லையாம்.

தையல்காரம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பெட்டியில் வைக்கும் அட்டையில், கையுறைக் காட்சியில் நடித்த கை தன்னுடையது என்று எழுத வேண்டும். "எழுதிட்டா போச்சும்மா," என்று இயக்குநர் போனில் சொல்லியிருந்தார்.

காலை பத்து மணி. மூன்றாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர். அந்தப் படக் கம்பெனியில் கார் ஓட்டியவர்.

மேடையில் பேராசிரியர். அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அந்தப் புகழ்பெற்ற காட்சி: ரயில் நிலையத்தில், கையுறை கழற்றிய ஒரு பெண்ணின் வலது கை, ஓர் ஆணின் உள்ளங்கையில்.

"கவனியுங்கள்! முந்தைய ஷாட்டில் நாயகி கழற்றத் தொடங்குவது இடது கையுறையை. அடுத்த ஷாட்டில் வெறுங்கையாக இருப்பதோ வலது கை! இடது கை அச்சம், வலது கை சம்மதம். ஒரே வெட்டில் அச்சத்திலிருந்து சம்மதத்துக்குத் தாவுகிறார் இயக்குநர்."

இதைப் பற்றி அவர் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். இயக்குநர் முதல் வரிசையில், தான் தாவியதை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல இல்லாமல், அடக்கமாகத் தலையசைத்தார்.

டிரைவர் மனைவியின் காதருகே குனிந்தார். "உன் இடது கட்டைவிரல்ல மெஷின் ஊசி ஏறின கதைதானே இது?"

"ஆமா. பெருசா கட்டு போட்டிருந்தேன்ல, அதான் வலது கையைக் கொடுத்தேன்."

"அதுக்கு நாப்பது பக்கமா? வைத்தியம் பார்த்த டாக்டரே அரைச் சீட்டுதான் எழுதினாரு."

அந்தக் காட்சி எடுத்த அன்று நாயகி மதியமே வேறு படப்பிடிப்புக்குப் போய்விட்டார். நாயகனுக்குத் தலைவலி. கைகளை மட்டும் எடுக்க வேண்டியது மிச்சம். கையுறை தைத்தவளுக்கு அது பொருந்தாமலா போகும் என்று இவரை உட்காரவைத்தார்கள். ஆண் கைக்கு, வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தவரை இழுத்து வந்தார்கள். இடது வலதாக மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. பதினாலு டேக். எட்டாவதிலேயே இவர்கள் இருவருக்கும் காதல் வந்துவிட்டது. இயக்குநருக்குத்தான் திருப்தி வரவில்லை.

"நாயகனின் நகக்கண்ணில் அந்தக் கருமை, உழைப்பாளியின் மௌனக் குரல்!" என்றார் பேராசிரியர்.

"கிரீஸு," என்றார் டிரைவர். "சோப்பு கேட்டேன், எவனும் தரலை."

"வளைந்து நிற்கும் அந்தச் சுண்டுவிரலோ, ஆசையின் கேள்விக்குறி. நாயகியின் விரல்கூட நடித்திருக்கிறது!"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வயதில் இஸ்திரிப் பெட்டி விழுந்து வளைந்த விரல் அது. முப்பது வருஷமாகச் சொல்கிறார், நம்பத்தான் ஆளில்லை. சொந்த மருமகளே, "சரிங்க அத்தை, நீங்கதான் ஹீரோயின்," என்று காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவாள்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். தையல்காரம்மா கையுறைகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த அட்டையைப் படித்தார்: 'நாயகியின் பொற்கரங்கள் அணிந்தவை.'

"என் கைன்னு போடறதா சொன்னீங்களே?"

இயக்குநர் மைக்கைக் கையால் மூடினார். "எதுக்கும்மா அதெல்லாம்? ஜனங்க மனசுல இருக்கற மாயம் கலைஞ்சிடும்."

"முப்பது வருஷமா என் கையை வச்சுத்தானே மாயம் காட்டினீங்க? கலைஞ்சா கலையட்டும்."

தையல்காரம்மா மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அந்தப் படத்துல இருக்கறது என் கை." வலது கையை உயர்த்திப் படத்தின் பக்கத்தில் காட்டினார். இரண்டு சுண்டுவிரலும் ஒரே பக்கம், ஒரே அளவு வளைந்திருந்தன.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்போ... அந்தக் கேள்விக்குறி?"

"இஸ்திரிப் பெட்டிங்க, சார்."

கூட்டம் சிரித்ததும் இயக்குநர் சட்டென்று முன்னால் வந்தார். "இந்த ரகசியத்தை உடைக்கத்தானே இன்றைக்கு இவரை அழைத்தேன்!" கைதட்டல் அவருக்குப் போயிற்று.

"ரொம்ப நல்லது," என்றார் தையல்காரம்மா. "அப்போ அட்டையை மாத்துங்க."

"அச்சடிச்சாச்சேம்மா..."

"பேனா இருக்கில்ல?"

இயக்குநரின் சட்டைப் பையில் இரண்டு இருந்தன. இரண்டும் அங்கேயே இருந்தன.

தையல்காரம்மா கையுறைகளைத் தலையணை உறைக்குள் போட்டுப் பைக்குள் திணித்தார். பேராசிரியரின் பேனாவைக் கேட்டு வாங்கி, அட்டையைத் திருப்பி, பின்பக்கம் நிதானமாக எழுதினார்: 'நடித்த கை என்னுடையது. கையுறை தைத்ததும் நானே. வேண்டுமென்றால், சரியான அட்டையோடு வீட்டுக்கு வரவும்.' கீழே பெயர், முழுசாக. வெறும் பெட்டிக்குள் அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"கிளம்பலாமா? வெளியே டீ வேற வச்சிருக்காங்க..." என்றார் டிரைவர், பயந்தபடி.

"குடிச்சிட்டுத்தான் போறோம். நான் எதுக்கு ஓடணும்?"

எல்லோரும் பார்க்க, நடுவில் நின்று, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டே குடித்தார். இன்னொரு கப்பும் கேட்டார்.