சைக்கிள் பைக்கு எவ்வளவு துணி

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு ‘குழந்தைகள் சைக்கிளில் பொம்மைகளை எடுத்துச் செல்லச் சில வழிகள்’ என்று அரைப் பக்கம் கேட்டார்கள். எனக்குச் சைக்கிளும் இல்லை, குழந்தையும் இல்லை. இல்லாததைப் பற்றி எழுதித்தானே இத்தனை நாள் பிழைப்பு ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டேன்.

இப்படித் தொடங்கினேன்:

‘ஹேண்டில்பாரில் கூடை மாட்டுவது எளிய வழி. கூடை முன்சக்கரத்தில் உரசாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்கேரியரில் வைத்தால் எலாஸ்டிக் கயிற்றால் கட்டலாம்.* கூடை இல்லாத சைக்கிளுக்கு அம்மா ஒரு துணிப் பை தைத்து, வார் போட்டு முன்னால் மாட்டித் தரலாம். அந்தப் பை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமென்றால்—’

அங்கே நின்றுவிட்டேன். எவ்வளவு பெரிதாக? யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பை தைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். திருட்டு முழி முழித்தாள். அரைப் பக்கம் அத்தோடு போயிற்று.

(* கயிற்றின் கொக்கி விட்டால் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை. நீளக் காது வைத்த பொம்மையென்றால் காதை உள்ளே மடித்துவிடுங்கள், சக்கரக் கம்பியில் சிக்கும். கட்டுரையில் உருப்படியான வரிகள் இவைதான், அதனால் விட்டுவைக்கிறேன்.)

2

அவள் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். முதல் பிரதியில் அவளை விதவையாக்கியிருந்தேன். [அடித்துவிட்டேன். கண்ணீர் வரவழைக்க அது ரொம்ப மலிவான வழி.] புருஷன் நன்றாகத்தான் இருக்கிறான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். நாலு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறான். ஏன் பிரிந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் சொல்லவில்லை. சண்டை ஓய்ந்துவிட்டது, பேச்சும் கூடவே ஓய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவனிடமிருந்து போன் வரும். இவள் “வந்தாச்சா?” என்பாள். அவன் “வந்தாச்சு” என்பான்.

வந்து சேருகிறவள் மகள். பட்டாணி என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பு. உருண்டை உடம்பு, கீழே கொட்டிய பட்டாணி மாதிரி ஓரிடத்தில் நிற்காது. காலையில் சைக்கிளில் அப்பா வீட்டுக்குப் போவாள், பொழுது சாயும் முன் திரும்பிவிடுவாள். போகும்போதெல்லாம் சட்டைக்குள் திணித்தோ இடுப்பில் செருகியோ ஒரு பொம்மையைக் கொண்டுபோவாள். திரும்பும்போது பொம்மை வராது.

“முயல் எங்கடி?”

“அப்பா வீட்ல.”

“ஏன், எடுத்துட்டு வரக் கூடாதா?”

“அது அங்கயே இருக்கட்டும்மா.”

முயல் போயிற்று. நாய் போயிற்று. ஒரு சக்கரம் இல்லாத கார்கூடப் போயிற்று. அலமாரித் தட்டில் காலி இடம் வாரா வாரம் அகலமாகிக்கொண்டே வந்தது. அம்மா அதைத் துடைக்கப் போகும்போதெல்லாம் மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்ப்பாள். இப்படியே பொம்மை போன வழியில் துணிமணி போகும், துணிமணி போன வழியில்— அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்க மாட்டேன்.

3

“சட்டைக்குள்ள வச்சா குத்துதும்மா. நீதான் ஊருக்கெல்லாம் பை தைக்கிறியே, எனக்கு ஒன்னு தைச்சுக் குடேன்” என்று பட்டாணி நச்சரித்தாள்.

மதியம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் மிச்சத் துணியை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா வெட்டினாள். கண்ணாலேயே அளவெடுத்து வெட்டக்கூடிய கை. பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா இது? இதுல ஒரு டிபன் பாக்ஸ்கூட நுழையாது போலருக்கே.”

“துணி பத்தலடி.”

“இவ்ளோ துணி கால்ல கெடக்குது, பத்தலையாம்!” என்று சிரித்துக்கொண்டே அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெற்ற தாய் இப்படிச் செய்வாளா? அவளை நல்லவளாக்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: ‘அன்று பட்டறையில் துணித் தட்டுப்பாடு. இருந்ததை வைத்து—’ [பொய். வேண்டாம்.] துணி இருந்தது. வேண்டுமென்றேதான் சின்னதாக வெட்டினாள். பெரிய பை தைத்தால் வீடே காலியாகிவிடும் என்று பயந்தாள். அதற்குப் பரிகாரம்போல வாருக்கு மட்டும் நாலு தையல் போட்டாள். யானையைக் கட்டி இழுத்தாலும் அறுந்துபோகாத வார், உள்ளங்கை அகலப் பை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டாணி கரடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளில் பாதி உயரம் இருக்கும்.

“உள்ள போக மாட்டேங்குதும்மா.”

“சின்னதா ஏதாவது எடுத்துக்கோ.”

“சின்னது ஒன்னுகூட இல்ல. எல்லாம் அங்க போயிடுச்சு.”

“அப்ப இன்னிக்கு ஒன்னும் வேணாம். சும்மா போயிட்டு வா.”

பட்டாணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி அம்மா அடுப்பை அணைக்க உள்ளே போனாள். திரும்பி வாசலுக்கு வருவதற்குள் சைக்கிள் தெருக்கோடியில் இருந்தது. இடது கையில் கரடி. வலது கை மட்டும் ஹேண்டில்பாரில். முன்னால் காலிப் பை ஆடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு கையாலயும் புடிடீ!”

காதில் விழவில்லை. சரக்கு லாரிகள் திரும்புகிற முனை அது. கரடி ஒரு பக்கம் சாய, சைக்கிள் இன்னொரு பக்கம் சாய, அப்படியே வளைவில் மறைந்துபோனது.

(இந்தக் காட்சியைப் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஒற்றைக் கையில்தான் ஓட்டினாள்.)

5

போன் வரவில்லை. இவளே கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏன் ஒற்றைக் கையில் ஓட்டினாள் என்று கேட்பான், பையின் அளவைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கூச்சத்தில் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு கூச்சமாவது ஒன்றாவது என்று கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

இங்கிருந்து சில முடிவுகள் என்னிடம் உண்டு.

முதலாவது: ‘முனையில் கூட்டம்—’ இதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு பையின் அளவுக்காகக் குழந்தையைப் பலி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: போன் வருகிறது. பட்டாணியே பேசுகிறாள். “அப்பா தனியா இருக்காங்கல்ல, அதான் துணைக்கு ஒன்னொன்னா விட்டுட்டு வர்றேன். உனக்குத்தான் நான் இருக்கேனே!” அம்மா கேவிக் கேவி அழுகிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. பெரியவர்கள் மனசுக்கு இதமாக, இவ்வளவு கச்சிதமாக எந்தக் குழந்தை பேசும்? அடித்துவிட்டேன். அடித்த பிறகும் ஒரு தரம் ஆசையாகப் படித்துப் பார்த்தேன்.

6

உங்களைத் தவிக்கவிடவும் எனக்குத் தெம்பில்லை, அதனால் இதை மட்டும் முடிவு செய்துவிட்டேன். குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மா முனைவரை ஓடிய பிறகுதான் கையில் இருந்த போன் அடித்தது.

“வந்தாச்சு. கீழ நின்னு சைக்கிள தூக்கிட்டு இருந்தேன், போன் மேல இருந்துச்சு. முட்டில லேசா சிராய்ப்பு, பயப்படுற மாதிரி இல்ல. ஒத்தக் கைல ஓட்டிட்டு வந்திருக்கா. பை ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு? நான் வேணா பின்னாடி ஒரு பெட்டி வச்சுத் தரட்டுமா?”

“வேணாம், வேணாம். நானே வேற தைச்சுடறேன்.”

சாயங்காலம் பட்டாணி முட்டியில் பிளாஸ்திரியோடு வெறுங்கையாக வந்தாள். கரடி எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

இப்போது மேசைமேல் புதுத் துணி விரித்துக் கிடக்கிறது. அம்மா சாக்கட்டியோடு நிற்கிறாள். சின்னதாகக் கோடு போட்டால் அந்தப் பெண் மறுபடியும் ஒற்றைக் கையில்தான் போகும். அதை இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். பெரிதாகப் போட்டால்? அலமாரியில் மிச்சம் இருப்பதெல்லாம் பெரிய பெரிய சாமான்கள். வெட்டு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘நீயே கோடு போட்டுக் கொடு’ என்பதுபோல என்னைப் பார்த்தாள். சாக்கட்டியை வாங்கிக்கொண்டேன், கோடு மட்டும் போடவில்லை. அங்கே பத்திரிகைக்காரர்கள் அரைப் பக்கம் எங்கே என்று அவசரப்படுத்துகிறார்கள்.

சாக்கட்டியை உங்களிடம் தருகிறேன். எவ்வளவு துணி விடலாம் என்று சீக்கிரம் சொல்லுங்கள். உள்ளறையிலிருந்து பட்டாணி கேட்டுவிட்டாள்:

“அம்மா, இந்தத் தடவ என் தலகாணி புடிக்குமா?”