பத்தாம் வருஷத்துக் கீரை

என் வீட்டுக்காரர் மண் ஆராய்ச்சி செய்கிறவர். தெருவில் அவருக்கு மண் டாக்டர் என்று பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

எங்கள் தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உடைக்கிற பட்டறை ஒன்று இருந்தது. அதை மூடியபோது ஆட்கள் போய்விட்டார்கள், ஈயம் மட்டும் மண்ணிலேயே தங்கிவிட்டது. காற்றுப் படாமல் சுட்ட கரியைத் தூளாக்கி அந்த மண்ணில் கலந்தால், கரி ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குள் ஏற விடாது என்றார் இவர். யாரும் நம்பவில்லை. "பத்து வருஷம் பாருங்க. பத்தாவது வருஷம் அங்க கரி கலந்த பாத்தியில விளையற கீரையை உங்க எல்லார் முன்னாடியும் நானே சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார். தெருச் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு நான் அடக்கிய சிரிப்பு எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து கீரை சாப்பிடாதவர். எதில் ஒளித்துப் போட்டாலும் விரலால் துழாவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிடுவார். கெஞ்சியும் மிரட்டியும் எனக்கு அலுத்துவிட்டது.

வருஷாவருஷம் கரிப் பாத்தியிலும் கரி போடாத பாத்தியிலும் கீரை விதைத்து, அறுத்து, காயவைத்து, சோதனைச் சாலைக்கு அனுப்பினார். கரி போடாத பாத்திக் கீரையில் ஈயம் குறையவே இல்லை. கரிப் பாத்திக் கீரையில் பத்தாவது வருஷமும் அனுமதித்த அளவுக்குக் கீழேதான் இருந்தது. தெரு ஜனங்கள் அந்தக் காகிதங்களைச் சட்டை செய்யவில்லை. இவர் சாப்பிட்டால் இடம் முழுக்கக் கரி போட்டு, காய்கறி வளர்க்க வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. சாப்பிடாவிட்டால் சிமெண்ட் பூசி வண்டி நிறுத்திக்கொள்வது. இப்படி முடிவு செய்து கூட்டம் போட்டார்கள்.

அன்று காலையில் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வயிறு சரியில்லைன்னு சொல்லிடலாமா?" என்றார்.

"சொல்லுங்க. நாளைக்கே சிமெண்ட் வண்டி வந்து நிக்கும்" என்றேன்.

கீரையை நான்தான் உப்புப் போட்டு வேகவைத்து எடுத்துப் போனேன். சங்க அறையில் உட்கார இடமில்லை. போஸ்ட்மாஸ்டர் பழைய நோட்டைத் திறந்து கணீரென்று வாசித்தார். இவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கண் இடுங்கி, மூக்கு சுருங்கி, தோள் இரண்டும் குலுங்கின. முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது.

"பார்த்தீங்களா, விஷம்" என்றாள் தையல்காரம்மா. பட்டறைச் சுவரை ஒட்டிய வீடு அவளுடையது. இரண்டு பிள்ளைகளை அந்த மண்ணில் கால் வைக்கவிடாமல் வளர்த்தவள். அவள் பயம் நியாயமானதுதான்.

நான் எழுந்தேன். "விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்தக் கீரையைக் கொடுத்தாலும் அவரு மூஞ்சி இப்படித்தான் கோணும்."

"அதை எப்படிக்கா நம்பறது?"

"உங்க வீட்ல இன்னைக்குக் கீரை செஞ்சிருக்கீங்களா?"

"ஆமா. கடையில வாங்கினது."

"கொண்டு வாங்க. அவரு கண்ணைக் கட்டிட்டு ரெண்டையும் நீங்களே ஊட்டிப் பாருங்க."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்து வருஷம் இரண்டு பாத்திகளை வைத்துச் சோதித்த மனுஷனையே இப்போது சோதனைக்கு உட்கார வைத்துவிட்டேன்.

தையல்காரம்மா தன் வீட்டுக் கீரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வெட்டுத்துணியால் அவர் கண்ணைக் கட்டினாள். முதல் கரண்டிக்கு அதே கோணல். இரண்டாவது கரண்டிக்குக் குமட்டலே வந்துவிட்டது.

"ரெண்டாவது யாரோடது?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னோடது" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் சமையலை விட இதுல அப்படி என்ன ஒசத்தி?" என்று என் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு தடவை மென்ற பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். மெதுவாக விழுங்கினாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

கரி போடச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னபோது முதலில் எழுந்தது அவள் கைதான். ஆனால் அதை இறக்காமலே கேட்டாள்: "சார், இந்தக் கரி எத்தனை வருஷம் பிடிச்சு வச்சிருக்கும்? நாளைக்கே விட்டுடுச்சுன்னா?"

"விடவே விடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கீரைக்கும் அவருக்கும் உள்ள உறவு அன்றோடு தீர்ந்திருக்கும். பாவமாக இருந்தது, சொல்லித் தொலைக்கட்டுமே என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் கண்கட்டை அவிழ்த்தார்.

"தெரியாதும்மா. பத்து வருஷம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும். கரிக்கும் வயசாகும். மண்ணுல அமிலம் ஏறினா பிடி தளரலாம். வருஷாவருஷம் சோதிச்சுக்கிட்டே இருக்கணும்."

அந்த நிமிஷம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது.

"அப்ப சரி" என்றாள் தையல்காரம்மா. "சோதனைக் காகிதம் வரட்டும். ஆனா அது எங்களுக்குப் புரியாது. வருஷாவருஷம் முதல்ல நீங்க சாப்பிடுங்க, அப்புறம் நாங்க சாப்பிடறோம்."

போஸ்ட்மாஸ்டர் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார். "எத்தனை வருஷத்துக்குன்னு போடட்டும்?"

இவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"ஆயுசு முழுக்கன்னு போடுங்க" என்றேன். "உப்பை நான் பார்த்துக்கறேன்."