டீசலில் நல்ல தண்ணீர்

இன்ஜெக்டர்தான் பழுது என்று சொல்லிவிடடா ராசா என்று, குசினிக் கதவோடு ஒட்டி நின்று மீனலோசனி மனதுக்குள் மன்றாடினாள். ஊர்காவற்றுறையிலிருந்து வந்த மெக்கானிக் சில்வெஸ்ரருக்கு அது கேட்கவா போகிறது? அவன் கார் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி நின்றான்.

முந்தின நாள் அவள் புருஷன் பரராசசிங்கம் பெட்டியோடு யாழ்ப்பாணத்து ரயிலுக்குப் புறப்பட்டார். கார் புங்குடுதீவைத் தாண்டவில்லை. இருமி இருமி நின்றுவிட்டது; தள்ளித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆவணிக் கலவரத்தில் தெற்கே அவருடைய கடை எரிந்து இன்னும் சாம்பல் வாடை போகவில்லை, மனிதர் அதைத் திரும்பவும் திறக்கப் போகிறாராம்! அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். ஒன்றும் சரிவராமல்தான் காரின் டீசல் தாங்கிக்குள் தண்ணீர் ஊற்றினாள். எவ்வளவு ஊற்றினால் கார் நிற்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது? பாதி உள்ளே, பாதி வெளியே என்று குடத்தையே கவிழ்த்துவிட்டாள்.

சில்வெஸ்ரர் எஞ்சினை எப்படியோ ஓடவைத்தான். அது நொண்டியது. நாலு இன்ஜெக்டர்களுக்கும் போகிற குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கினான். முதலாவதை இளக்கியதும் எஞ்சின் சத்தம் தாழ்ந்தது.

"இது வேலை செய்யுது, அண்ணை."

இரண்டாவதை இளக்கினான். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

மீனலோசனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, வெளியே தெரியக் குழாயில் பூட்டி, சாரதி தம்புவிடம் கார்த் திறப்பைத் திருப்பி எஞ்சினைச் சுழற்றச் சொன்னான். புகைபோல அடிக்க வேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கொண்டுவந்த புதிய இன்ஜெக்டரைப் பூட்டிப் பார்த்தான். அதுவும் ஒழுகியது.

"இன்ஜெக்டரிலை பிழையில்லை" என்றவன், டீசல் பில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்தான். மேலே டீசல், கீழே தண்ணீர்.

பரராசசிங்கத்துக்கு முகம் சிவந்தது. "எடேய் தம்பு, டீசலை வித்துப்போட்டுக் கிணத்துத் தண்ணியையே விட்டனி? உப்பு என்ரை காரைத் தின்னட்டும் எண்டோ?"

"பிள்ளையளாணை நான் களவெடுக்கேல்லை, ஐயா."

தம்புவுக்கு நாலு பிள்ளைகள். வாயைத் திற, திற என்று மீனலோசனி தன்னையே திட்டினாள். வாய் திறக்கவில்லை. இப்படியும் ஒரு பொம்பிளையா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

களவை நிரூபிக்கிற வேகத்தில் பரராசசிங்கம் போத்தலில் மேலே நின்ற டீசலைச் சரித்து ஊற்றிவிட்டு, அடியில் நின்ற தண்ணீரை நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். அப்படியே நின்றார்.

அது உப்பில்லை. அவர்கள் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து குடத்தில் வந்து குசினிக்குள் மட்டுமே இருக்கும். உவர்த் தண்ணீர் காரை அரித்துவிடும், அவர் கடையில் கால் கடுக்க நின்று வாங்கிய கார் என்று பரிதாபப்பட்டுத்தான் அவள் நல்ல தண்ணீரை ஊற்றினாள்.

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். கண்கள் சந்தித்தன. அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் சில்வெஸ்ரர் நின்றான்; வெளியாள் முன்னால் வீட்டு மானம் போகக்கூடாது.

"தம்பு, திறப்பை வைச்சிட்டுப் போ. இனி வரவேண்டாம்."

தம்பு திறப்பைக் கார்மேல் வைத்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கால் நகர்ந்தது.

"அவன் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் ஊத்தினனான்."

பரராசசிங்கம் நிலத்தைப் பார்த்தார். தம்புதான் பேசினான்.

"எனக்கு நேற்றே தெரியும், அக்கா. விடிய வைச்ச குடம் தேத்தண்ணிக்கு முன்னமே காலியெண்டு, திரும்பவும் என்னைத்தானே அள்ள விட்டனீங்கள்."

"அப்ப ஏன்ரா சொல்லேல்லை?" என்றார் அவர்.

"சொன்னால் தண்ணியை வடிச்சுப்போட்டு நீங்கள் கடைக்குப் போயிடுவியள், ஐயா."

தம்புவும் அவளும் இரண்டு பேரும்தான் உண்மையைச் சொல்லாமல் வாய் மூடி நின்றார்கள். அவன் அவளுக்காக நின்றான், அவள் தனக்காக நின்றாள். பரராசசிங்கம் திறப்பை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கேட்பதைப் போலவே கேட்டான்:

"குசினியிலை தண்ணி இருக்கோ, அக்கா? அள்ளிக்கொண்டு வரட்டோ?"

மீனலோசனியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.