வியாழனுக்கு வைத்த உண்மை

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நான்தான். வலைப்பதிவு என் பிழைப்பு. எங்கே ரெண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் மோப்பம் பிடித்துப் போய் நிற்பேன். சண்டை சூடாக இருக்கும்வரை படிக்க ஆள் வரும், ஆள் வந்தால் விளம்பரம் வரும், வீட்டு வாடகை அதில்தான். இதற்கென்று ஒரு முறையும் வைத்திருந்தேன். முதல் பதிவில் புகார், இரண்டாவதில் மறுப்பு, மூன்றாவதில் விடை. விடை முன்பே கைக்கு வந்தாலும் மூன்றாவது பதிவுவரை வாயைத் திறக்க மாட்டேன். விடை தெரிந்துவிட்டால் அப்புறம் யார் சண்டைக்கு வருவார்கள்?

அந்த வாரம் கீழ்த்தெருவில் பதினோரு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடந்தன. குழாய்த் தண்ணீர்தான் காரணம். குளோரின் கலக்காமல் விட்டுவிட்டார்கள் என்றது தெரு. கலந்தோம் என்றது நீரேற்று நிலையம். அங்கே காலை ஷிப்ட் ஆபரேட்டர் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர்.

சனிக்கிழமை அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அவருக்குக் கொண்டுபோனேன். மேஜைமேல் ஷிப்ட் நோட்டு திறந்து கிடந்தது. மணிக்கொரு வரி, எல்லாம் அத்தானின் குண்டுக் கையெழுத்து. குழந்தைகள் படுத்ததற்கு முந்தின நாள், குளோரின் போட்டதை எழுதவேண்டிய காலை ஆறு மணி வரி மட்டும் காலி.

"இது என்ன அத்தான்?"

"அன்னிக்கு மோட்டார் நின்னுபோச்சு தம்பி. குளோரினைப் போட்டுட்டு அங்க ஓடினேன். எழுத மறந்துட்டேன்."

அவர் கை கழுவப் போனபோது அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்தேன். இப்போது சொல்லவே கூசுகிறது. அப்போது கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டேன். அத்தான் பெயரைப் போடவில்லை. 'ஆறு மணிக்குக் குளோரின் விழுந்ததா?' என்று கேட்டேன், அவ்வளவுதான். காலை ஷிப்டுக்கு ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும். பின்னூட்டம் குவிந்தது.

திங்கட்கிழமை மதியம், பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஓர் அறிக்கையை அனுப்பினான். நோட்டில் வரி காலியாக இருந்த அதே நாள் காலை ஏழு மணிக்கு நிலையத்துத் தொட்டியில் எடுத்த தண்ணீரில் குளோரின் சரியாக இருந்திருக்கிறது. கீழ்த்தெருக் குழாய்த் தண்ணீரில்தான் சாக்கடை கலந்திருக்கிறது. நிலையத்து ஆபீசுக்கு இது வெள்ளிக்கிழமைதான் போகும் என்றான்.

அத்தான் தப்பித்தார் என்று உண்மையாகவே துள்ளினேன். அடுத்த நிமிடமே வியாழக்கிழமைக்கு மூன்றாம் பதிவைக் குறித்துக்கொண்டேன். மூன்று நாள் ஊரே அவரை ஏசட்டும், நாலாம் நாள் நான் அவரைக் காப்பாற்றுகிறேன், ஊரே வந்து படிக்கும். புத்தி அப்படித்தான் போனது.

அன்று மாலை அக்கா போனில் அழுதாள். "உங்க அத்தானைப் பத்தி நீயே எழுதுவியாடா?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கா. எல்லாம் சரியாயிடும்."

அதற்குமேல் சொல்லவில்லை. அக்கா வாயில் எதுவும் தங்காது.

செவ்வாய்க்கிழமை நிலையத்தின் மறுப்பைப் போட்டேன். அதன் கீழே அத்தானைக் கொலைகாரன் என்று எழுதினார்கள். அதையும் அழிக்காமல் விட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் பதிவாக அறிக்கையை வெளியிட்டேன். அதுவரை என் எந்தப் பதிவுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. போனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஷிப்டில் இருக்கவேண்டிய நேரத்தில் அத்தான் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன் தம்பி. குளோரின் போட மறந்துட்டேன், வேலையை விட்டு விலகிக்கிறேன்னு. ஒரு வார்த்தை பேசாம வாங்கிக்கிட்டாங்க."

"ஏன் அத்தான்? போட்டேன்னு சொன்னீங்களே?"

"போட்டதாத்தான் நெனச்சேன். நீ கேட்டதுக்கப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், டப்பா மூடியைத் தொறந்ததே ஞாபகம் வரல. நம்ம வீட்டுப் பையன் காரணமில்லாம கேப்பானான்னு தோணிச்சு. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஒவ்வொரு கட்டிலா நின்னு மன்னிப்புக் கேட்டேன். ஒரு அம்மா என் சட்டையைப் பிடிச்சு உலுக்கினாங்க. நியாயந்தானே?"

நண்பன் அனுப்பிய அறிக்கையைப் போனில் திறந்து அவரிடம் நீட்டினேன். அக்கா பிடுங்கிப் படித்தாள். மேலே, அது எனக்கு வந்த தேதியில் அவள் விரல் நின்றது.

"திங்கக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான் கோபப்படவில்லை. அவர் மனம் தேதியில் இல்லை.

"அப்போ நான் போட்டேனா தம்பி?"

"போட்டீங்க அத்தான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் அத்தான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என் கேள்வியை நம்பியவர், இப்போது நான் சொன்னதை நம்பவில்லை.