ஐஸ் பெட்டிக்குள் ஒரு கைரேகை

பிரேசர் டவுன் வீட்டில் எரிக்கின் உடல் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, தம்பி கிளிஃபர்ட் பெட்டியைத் திறந்தான். அண்ணனுடைய பிட்காயினின் ரகசியச் சாவி ஒரு சின்னக் கருவிக்குள் இருந்தது; அது கைரேகைக்குத்தான் திறக்கும். கோத்துவைத்த கைகளிலிருந்து ஜெபமாலையை உருவிக் கீழே போட்டுவிட்டு, கட்டைவிரலை இழுத்துக் கருவியில் அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலை வாயால் ஊதிச் சூடாக்கி மறுபடியும் அழுத்தினான்.

வாசலில் நின்ற எரிக்கின் மனைவி டீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையை எடு கிளிஃபர்ட்."

"உங்களுக்காகத்தான் அண்ணி. விட்டா எல்லாம் போயிடும்."

"எனக்காகவா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கருவியைப் பிடுங்கித் தன் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"வாங்கின அன்னிக்கே என் ரேகையையும் இதுல பதிய வெச்சாரு. பொணத்துக்கிட்ட கேக்கத் தெரிஞ்சவனுக்கு, உயிரோட இருக்கிறவகிட்ட கேக்கத் தோணல."

அவன் கருவிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"மொதல்ல அந்த மாலையைப் பொறுக்கி, பழையபடி அவரு கையில சுத்திவிடு."